மூன்றாம் கேள்வியை ஏன் தனியே கேட்கிறோம்

மஜ்ஜை கொடுப்பவரைத் தேடும் நம் படிவத்தில் மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. "நீங்கள் பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர்? யார் வீட்டில் வளர்ந்தாலும் எல்லாரையும் சேர்த்துச் சொல்லுங்கள்." அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: தாயிடம் மட்டும், தனியே கேட்கவும்.

புதிதாகச் சேர்ந்த உங்களில் இருவர் இந்தக் கேள்வியை எடுத்துவிடலாம் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளை சாகக் கிடக்கும்போது ஒரு தாயை ஓர் அறைக்குள் அழைத்துப் போய் இப்படிக் கேட்பது மரியாதையாக இல்லை என்கிறீர்கள். நியாயமான வாதம்தான். அந்தக் கேள்வியைச் சேர்த்தவள் நான். ஏன் சேர்த்தேன் என்று எழுதிவிடுகிறேன். பிறகு உங்கள் விருப்பம். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நீங்கள் ஸ்டெம் செல் என்று சொல்வதை எண்பதுகளில் நாங்கள் மஜ்ஜை என்றோம். ரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்கள் எலும்புக்குள் இருக்கின்றன என்பது தெரியும். அவற்றை இன்றுபோல் பிரித்தெடுக்கத் தெரியாது. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை அப்படியே உறிஞ்சி எடுத்துக் கொடுப்பார்கள். தலைநகரில் இருந்த மருத்துவப் பள்ளியில் அதற்கு ஓர் ஆய்வுப் பிரிவு, ஒரு தூய அறை, அதில் ஒரே கட்டில். பேராக் மாநிலத்துத் தோட்டங்களிலிருந்து வரும் குடும்பங்களுக்கு இதைத் தமிழில் விளக்க ஓர் ஆள் வேண்டும் என்று பிரிவு தேடியபோது நான் சேர்ந்தேன். ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் பின்கட்டில் எனக்கு ஒரு மேசை கிடைத்தது.

அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் ஈப்போவில் நாளிதழ் நிருபராக இருந்தேன். பெயர், வயது, எண்ணிக்கை மூன்றையும் இரண்டு இடத்தில் சரிபார்க்காமல் செய்தி கொடுத்ததில்லை. ஒன்பது ஆண்டுகளில் என் செய்திக்குத் திருத்தம் வெளியானது ஒரே முறை. அந்தப் பெருமையோடு இந்த வேலைக்கு வந்தேன்.

விமலாவுக்கு வயது பத்தொன்பது. சுங்காய் ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் பெரியம்மா வீட்டில் தங்கி, அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கையிலும் காலிலும் காரணமில்லாமல் நீலம் பாய்ந்தது. பல் துலக்கினால் ரத்தம் நிற்கவில்லை. பரிசோதனையில், மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிட்டது என்று தெரிந்தது. ரத்தம் ஏற்றி ஏற்றிச் சில காலம் வைத்திருக்கலாம். பிழைக்க வேண்டுமானால் வேறொருவர் மஜ்ஜை வேண்டும்.

எங்கள் பிரிவின் டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதிகள் இரண்டு. முதலாவது, ஒரே தாய்தகப்பனுக்குப் பிறந்தவர்களை மட்டும் சோதிக்க வேண்டும். ஒவ்வொருவரும் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. மற்ற உறவுகள் பொருந்துவது அபூர்வம். அன்றைய ஆய்வகத்தால் அவர்களையெல்லாம் பார்க்க இயலாது. இரண்டாவது, அந்த உடன்பிறந்தவர்கள் நோயாளிக்கு ரத்தம் கொடுக்கவே கூடாது. ஒருவர் ரத்தத்தை ஏற்ற ஏற்ற, நோயாளியின் உடம்பு அவரை அந்நியராக அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும். பிறகு அவருடைய மஜ்ஜையைக் கொடுத்தால் தள்ளிவிடக்கூடும்.

இரண்டும் சரியான விதிகள். அவற்றை மனப்பாடமாகச் சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துக்குப் போனேன். சுங்காய் பஸ் நிறுத்தத்தில் என்னை அழைத்துப்போக மோட்டார்சைக்கிளோடு நின்றவன் குணா. விமலாவின் பெரியம்மா மகன், வயது இருபத்திரண்டு. அதே தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன்.

"நல்லாப் புடிச்சுக்குங்க மிஸி. இந்த ரோடு எங்க மேனேஜர் மாதிரி. நல்லவன்னு நம்பினா தூக்கிப் போட்டுரும்."

நான் தாதி இல்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். மருத்துவமனையிலிருந்து வரும் பெண் எல்லாரும் அங்கே மிஸிதான்.

தொழிலாளர் குடியிருந்த லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றின் வாசலில் நின்றவர் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "என்னா மிஸி, இன்சூரன்ஸா?"

"இல்லண்ணே. ரத்தம் எடுக்க வந்திருக்கேன்."

"அப்ப அடுத்த வீட்டுக்குப் போங்க லா. எனக்கு இருக்கிறதே கொஞ்சம்."

விமலாவின் வீட்டுக்குள் எட்டுப் பேர் இருந்தார்கள். அப்பா, அம்மா பாக்கியம், மூன்று பிள்ளைகள், குணா, அக்கம்பக்கத்தில் இருவர். நான் பாக்கியத்தைப் பார்த்துக் கேட்டேன்: "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

"நாலு," என்றார் அப்பா. "ஆஸ்பத்திரில இருக்கிறவளையும் சேத்து."

பிஸ்கட் டின்னிலிருந்து பிறப்புப் பத்திரங்களை எடுத்துக் காட்டினார். நாலு இருந்தன. திரும்பும் வழியில் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடமும் கேட்டேன். அவர் பதிவேட்டைப் புரட்டி, நாலு என்றார். என் குறிப்பேட்டில் அன்று எழுதியது இப்போதும் இருக்கிறது: "பிள்ளைகள் 4. பத்திரம் பார்த்தேன். கிராணியிடம் சரிபார்த்தேன்." பாக்கியம் வாய் திறக்கவில்லை என்பதை நான் எழுதவில்லை. அதைக் கவனித்தேன். தோட்டத்து வீடுகளில் ஆண்கள் பதில் சொல்வது வழக்கம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று பேரின் ரத்தமும் விமலாவுக்குப் பொருந்தவில்லை.

முடிவைச் சொல்ல பாக்கியத்தை ஈப்போ வார்டின் தாழ்வாரத்துக்கு அழைத்தேன். குணாவும் கூட வந்தான். அவள் அழவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள்.

"மிஸி, அக்கா பிள்ள ரத்தம் பாத்தா ஆகாதா?"

"ஆகாதும்மா. அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளையெல்லாம் பொருந்தாது. கூடப் பொறந்தவங்கதான் வேணும்."

"சும்மா ஒரு தடவ பாத்தாக்கூட?"

"சும்மாவெல்லாம் லேப்ல பார்க்க மாட்டாங்கம்மா."

அவள் தலையாட்டினாள். அப்போது குணா கேட்டான்: "அப்ப நான் ரத்தம் கொடுக்கலாமா மிஸி? கூடப் பொறந்தவங்களத்தானே வேணாம்னீங்க. எனக்கும் அவளுக்கும் ஒரே குரூப்பு."

"நீங்க தாராளமா கொடுக்கலாம்," என்றேன்.

பாக்கியம் அவன் கையைப் பிடித்தாள். "வேணாம் தம்பி."

ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். "பயப்படாதீங்கம்மா, இவருக்கு ஒண்ணும் ஆகாது," என்று சொல்லிவிட்டு, அவனை ரத்த வங்கிக்கு நானே அழைத்துப்போனேன்.

எட்டு மாதம் ஓடியது. விமலா தோட்டத்துக்கும் வார்டுக்குமாக இருந்தாள். குணா மூன்று முறை ரத்தம் கொடுத்தான். அது அவளுக்கே ஏற்றப்பட்டது.

அந்த வார்டின் பொறுப்பில் இருந்த சிஸ்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருந்தது. என்னை அவருக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பத்திரிகைக்காரர்கள் யாரையும் அவருக்குப் பிடிக்காது. ஒரு நாள் பகல் என்னை வார்டுக்கு வரச்சொன்னார்.

"விமலாட தாய் எத்தினை பிள்ளை பெத்தவ?"

"நாலு, சிஸ்டர்."

"ஆர் சொன்னது?"

"அவங்க வீட்டுக்காரர். பத்திரமும் பார்த்தேன். கிராணிகிட்டேயும் கேட்டேன்."

"அவவைக் கேட்டனீரோ?"

"அவங்க அங்கதான் இருந்தாங்க."

"இருந்தவ. அது எனக்கும் தெரியும். கேட்டனீரோ?"

இல்லை என்று தலையசைத்தேன். அவரே சொன்னார். அன்று காலை வார்டின் சமையல் மூலையில் பாக்கியம் டம்ளர் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். வேறு யாரும் இல்லை. சிஸ்டர் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்: "உமக்கு எத்தினை பிரசவம்?" பாக்கியம் வாயால் பதில் சொல்லவில்லை. சவர்க்கார நுரையோடு கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

இரண்டாவது பிரசவத்துக்கு ஜெலாப்பாங்கில் அக்கா வீட்டுக்குப் போனவள், பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அக்காவின் கணவர், அந்தக் காலத்தில் பிறப்பைப் பதிந்த போலீஸ் நிலையத்தில் தன் மகன் என்றே பதிந்துவிட்டார். பிள்ளை பிறந்து இறந்துவிட்டது என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அக்காளும் தங்கையும் மாரியம்மன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள், இது எங்கள் வாயிலிருந்து வராது என்று. இவ்வளவையும் சிஸ்டர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்க, பாக்கியம் ஆம் என்றும் இல்லை என்றும் தலையசைத்தே சொல்லியிருக்கிறாள்.

நான் சமையல் மூலைக்குப் போனேன். பாக்கியம் என்னைப் பார்த்தாள்.

"நான் இப்பவும் ஒண்ணும் சொல்லல மிஸி. ரத்தம் பாத்து லேப்ல சொல்லிட்டா, அது நான் சொன்னதில்லையேன்னுதான் அன்னிக்கு உங்களக் கேட்டேன்."

சூடம் அடித்தவளுக்கு இருந்த ஒரே வழி அந்தக் கேள்விதான். அதைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் என் முன்னால் நின்றாள், இரண்டு முறை. ஏன் கேட்கிறீர்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் சரியான பதிலைச் சொல்லி அதைச் சாத்தினேன்.

அன்று மாலையே ஜெலாப்பாங் போனேன். குணாவின் அம்மா சரோஜா, விமலாவின் பெரியம்மா, சமையலறையில் இருந்தார். நான் சொல்ல ஆரம்பித்ததுமே புரிந்துகொண்டார்.

"அவ சொன்னாளா?"

"யாரும் எதுவும் சொல்லலம்மா."

"சொல்லாமத்தான் நீங்க இங்க வந்து உக்காந்திருக்கீங்களா?"

"உங்க மகன் ரத்தத்தைப் பரிசோதிக்கணும். அவ்வளவுதான் கேட்க வந்தேன்."

"அவ்வளவுதானா? நாளைக்கு அவன் என்னயப் பாத்து, நீ யாருன்னு கேட்டா? எனக்கு ஒண்ணுதான் மிஸி. அவளுக்கு நாலு இருக்கு."

"சீக்கிரம் மூணாயிடும்," என்றேன்.

தலைப்பு எழுதிப் பழகிய வாய். இரண்டே சொல்லில் வந்துவிட்டது. அவர் அதற்கு மேல் வாதாடவில்லை. வேறு விதமாகச் சொல்லியும் அவரை இணங்க வைத்திருக்கலாம் என்று இன்று நினைக்கிறேன். சொல்ல முயலவில்லை.

வாசலில் மோட்டார்சைக்கிள் நின்றது. குணா ஹெல்மெட்டோடு உள்ளே வந்தான்.

"என்னா மிஸி, வீட்டுக்கே வந்துட்டீங்க? நான் கொடுத்த ரத்தம் கெட்டுப்போச்சா?"

"குணா, உங்க ரத்தத்தை மஜ்ஜைக்காகப் பரிசோதிக்கணும்."

அவன் சிரித்தான். "நீங்கதானே ஆகாதுன்னு சொன்னீங்க? கூடப் பொறந்தவங்கதான் வேணும்னு..."

சரோஜா அடுப்பின் பக்கம் திரும்பி நின்றார். வாணலியில் எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது. அவர் அதில் எதையும் போடவில்லை. குணா அம்மாவின் முதுகைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான். போய் அடுப்பை அணைத்தான்.

"எப்ப வரணும்?"

"முடிஞ்சா நாளைக்கு."

"காலையில ஷிப்டு இருக்கு. மத்தியானம் வாரேன்." பிறகு திரும்பி, "அம்மா, பசிக்குது. என்னா இருக்கு?" என்றான்.

யாரும் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. சத்தியம் அப்படியே இருந்தது.

குணாவின் ரத்தம் முழுமையாகப் பொருந்தியது. முடிவுத் தாளோடு தலைநகரில் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இவர் அந்தப் பெண்ணுக்கு ரத்தம் கொடுத்திருக்கிறாரா?"

"மூன்று முறை."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "யார் அனுமதித்தது?"

"நான்."

திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவர் முடிவுத் தாளை மறுபடி பார்த்துவிட்டு, "வேறு ஆள் இல்லை. செய்துதான் பார்க்க வேண்டும்," என்றார்.

மஜ்ஜை எடுத்த மறுநாளே குணா இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூய அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே வந்து நின்றான். மூன்றாம் வாரத்தில் விமலாவின் ரத்த அணுக்கள் ஏறத் தொடங்கின. உள்ளிருந்து பேசும் கருவியில் அவள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"மிஸி, அண்ணன் மஜ்ஜை உள்ள போனதிலேருந்து எனக்கு ஃபுட்பால் பாக்கணும் போல இருக்கு. இதுக்கு மருந்து இருக்கா?"

வெளியே நின்ற குணா கண்ணாடியைத் தட்டினான். "பேராக் டீமுக்குத்தான் கைதட்டணும், தெரியுமா? மத்த டீமுக்குத் தட்டினா திருப்பி வாங்கிக்குவேன்."

எங்கள் முறையில் பெரியம்மா மகனும் அண்ணன்தான். அவள் எப்போதும் அப்படித்தான் கூப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று நான் கேட்டதில்லை.

ஐந்தாம் வாரத்தில் எண்ணிக்கை இறங்கியது. உடம்பு மஜ்ஜையைத் தள்ளிவிட்டது. ஏழாம் வாரத்தில் காய்ச்சல் கண்டது. அதன் பின் ஒன்பது நாள்தான் இருந்தாள்.

நான் கொடுத்த அனுமதிதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் நேர்மையானவர். "உறுதியாகச் சொல்ல முடியாது. ரத்தம் வாங்காத உடம்பும் தள்ளியிருக்கிறது. வாங்கிய உடம்பும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எட்டு மாதம் முன்பே, ரத்தம் வாங்காமல் செய்திருந்தால் வாய்ப்பு அதிகம். அதை மறுக்க மாட்டேன்." நான் எழுதிக்கொண்டேன். பழக்கம்.

அடுத்த மாதம் படிவத்தில் மூன்றாம் கேள்வியைச் சேர்த்தோம். 'தனியே' என்ற சொல் வார்டு சிஸ்டர் சொல்லிச் சேர்த்தது. என் பழைய தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது பதிலைச் சரிபார்க்க. யாரிடம், யார் முன்னால் கேட்கிறோம் என்பதையும் சரிபார்க்க வேண்டும் என்று அது கற்றுக்கொடுக்கவில்லை. தத்துக் கொடுத்த பிள்ளையைப் பத்திரத்தில் தேட முடியாது. உங்கள் கணினியிலும் அது இருக்காது. உங்களுக்கு விடை நன்றாகத் தெரிந்த கேள்வியை ஒரு தாய் இரண்டாம் முறை கேட்டால், விடையைச் சொல்லாதீர்கள். ஏன் கேட்கிறீர்கள் அம்மா என்று கேளுங்கள். கேள்வியின் சொற்கள் கடுமையாக இருந்தால் மாற்றி எழுதுங்கள்; உங்கள் தமிழ் என்னுடையதைவிட மென்மையாக இருக்கலாம். கேள்வியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இனி சொல்லப்போவதற்குப் படிவத்தில் இடமில்லை.

சாவு வீட்டில் குணா பெரியம்மா மகனாகத்தான் நின்றான். நாற்காலி போட்டான், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். உடன்பிறந்தவர்களை முன்னால் வரச்சொன்னபோது மூன்று பேர் போனார்கள். பாக்கியம் தலையைத் தூக்கி அவனைத் தேடினாள். அவன் சரோஜாவின் பக்கத்தில் நின்றான். அங்கேயே நின்றான்.

எல்லாம் முடிந்ததும் என்னைச் சுங்காய் பஸ் நிறுத்தத்துக்கு அவனே கொண்டுவந்து விட்டான். வழியில் ரோட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பஸ் வரும்வரை வண்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"மிஸி."

"சொல்லுங்க."

"மஜ்ஜைதான் ஒத்துக்கல. நான் மூணு தடவ கொடுத்த ரத்தமாவது அவளுக்கு உதவிச்சுல்ல?"

"உதவிச்சு குணா," என்றேன்.

அதுவும் சரியான பதில்தான். அந்த ரத்தம் ஏறும்போதெல்லாம் அவள் எழுந்து உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், பேசினாள். நான் கண்ணால் பார்த்தேன். அவன் தலையாட்டினான். "அது போதும் மிஸி," என்று சொல்லி என் பையை எடுத்துக் கொடுத்தான்.

இந்த முறை அவன் ஏன் கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வழியில் தாப்பா ஊரைத் தாண்டும்வரை, திரும்பிப் போய் டாக்டர் சொன்ன மீதியைச் சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஈப்போவுக்கு வந்துவிட்டது. நான் இறங்கி வேலைக்குப் போனேன்.